பாடாங் செராயில் 160,000 வெள்ளிக்கு ஒரு தரை வீடு: வாடகைக்கு விட வாங்கலாமா? அந்தத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) நல்ல பெயர் இல்லை

கூலிம் டெக்னிஷன்:

வணக்கம். எனக்கு 31 வயது, கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. லூனாஸில் அப்பா பெயரில் உள்ள வீட்டில்தான் எல்லோரும் இருக்கிறோம். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சேமிப்பு 35,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. அதைச் சும்மா வைத்திருக்காமல் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடலாம் என்று நினைக்கிறேன்.

கெடா, பாடாங் செராயில் ஒரு வீடு பார்த்தேன். ஒற்றை மாடி இணைப்பு வீடு, மூன்று அறை, நடு வீடு. விலை 160,000. அந்தப் பக்கம் இதே மாதிரி வீடுகள் 750 வெள்ளிக்கு வாடகைக்குப் போகின்றன. 90 விழுக்காடு கடன், 30 ஆண்டு, 4.2 விழுக்காடு வட்டி என்றால் மாதத் தவணை 704 வெள்ளி வருகிறது. வாடகையிலேயே தவணை கழிந்துவிடும்.

இன்னொன்று ஹைடெக் பக்கம் புது இரட்டை மாடி வீடு. நுழைவாயிலில் தடுப்புக் கம்பமும் காவலரும் உண்டு. விலை 380,000. அதே கணக்கில் தவணை 1,672. வாடகை 1,300தான் கிடைக்கும் என்று ஏஜென்டே சொல்கிறார். மாதாமாதம் 372 வெள்ளி என் கையிலிருந்து போகும், அப்புறம் காவல் கட்டணம் 80.

கணக்கைப் பார்த்தால் முதல் வீடுதான். ஆனால் தாமான் பெயரைச் சொன்னதும் அம்மா சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். 2013-இல் குண்டர் கும்பல்களுக்கு எதிராகப் போலீஸின் ஓப்ஸ் சந்தாஸ் நடவடிக்கை நடந்தபோது அந்த இடத்தின் பெயர் அடிபட்டதை அவர் இன்னும் மறக்கவில்லை. "தோட்டத்தை விட்டு வந்து உன்னை அந்தப் பக்கம் போகவிடாமல் வளர்த்தேன், நீ அங்கேயே போய் வீடு வாங்குகிறாயா?" என்று கேட்டார். ஏஜென்ட் "இப்போ எல்லாம் மாறிப் போச்சு" என்கிறார். அவர் விற்க வந்தவர், வேறு என்ன சொல்வார்?

நான் போனது ஞாயிறு காலை 11 மணிக்கு. பிள்ளைகள் சாலையில் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் ஒருவர் மோட்டார் கழுவிக்கொண்டிருந்தார். பயப்படும்படி எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் அந்த வரிசையில் சில வீடுகள் பூட்டிக் கிடந்தன, முன்வாசலில் லாலாங் புல் இடுப்பளவு. வரிசைக்குப் பின்னால் செம்பனைத் தோட்டம். தாமான் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. ஊர்க்காரர்களுக்குப் புரிந்திருக்கும்.

ஓர் இடம் பாதுகாப்பானதா என்று எதை வைத்துத் தீர்மானிப்பது? அம்மாவின் பயத்தை எவ்வளவு கணக்கில் எடுப்பது?

பட்டர்வொர்த்காரன்:

தம்பி, யோசிக்கவே வேண்டாம், காவலர் உள்ள இடத்தில் வாங்குங்கள். மாதம் 450 வெள்ளி கையிலிருந்து போனாலும் தூக்கம் கெடாது. ஹைடெக் 1996-இல் திறந்ததிலிருந்து அங்கே தொழிற்சாலைகள் பெருகிக்கொண்டேதான் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் சிப் தயாரிக்கும் இன்ஃபினியோன் புதிய ஆலையைத் திறந்தது. இஞ்சினியர்கள் வாடகைக்கு வருவார்கள், விலையும் ஏறும். மலிவு வீட்டில் வாடகை பாக்கி வசூலிக்க அலைவதே ஒரு வேலையாகிவிடும். அம்மா சொல்வதைக் கேளுங்கள்.

மலர் அக்கா (பாடாங் செராய்):

தம்பி, நான் இந்த ஊர்க்காரி. எங்கள் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்தபோது அப்பாவோடு வந்து குடியேறியதிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். நீங்கள் சொல்லும் தாமான் எது என்று புரிகிறது. அதற்குப் பக்கத்துத் தாமானில் எனக்கு இரண்டு வீடுகள் வாடகையில் ஓடுகின்றன. இங்கே ருக்குன் தெத்தாங்காவிலும் (அக்கம்பக்கத்தார் ரோந்துக் குழு) இருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரைப் பற்றி. அந்தத் தாமானின் முன்வரிசைகள் 25,000 வெள்ளிக்கு விற்ற குறைந்த விலை வீடுகள். சுற்றிலும் உள்ள தோட்டங்களில் பால்மரம் சீவியவர்கள், லயம் போனபின் கிடைத்த பணத்தோடு அங்கே வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் இன்று உங்கள் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர், பள்ளியில் ஆசிரியர், லோரி ஓட்டுநர். நாலு பேர் செய்த காரியத்துக்கு நானூறு குடும்பத்துக்குக் கெட்ட பெயர் வந்தது. வேலைக்கு மனுப் போடும்போது சித்தப்பா வீட்டு முகவரியைக் கொடுத்த பிள்ளைகள் உண்டு. எனக்கு அது இன்னும் வலிக்கிறது. அந்தக் காலத்துப் பெயரை வைத்து இன்று வீடு வாங்குவதையோ விடுவதையோ முடிவு செய்யாதீர்கள்.

அதற்காக அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது: பூட்டிக் கிடக்கும் வீடுகள், இடுப்பளவு லாலாங்.

இங்கே ஒரு வரிசை கெடுவது காலி வீட்டிலிருந்துதான். ஒரு குடும்பம் தவணை கட்ட முடியாமல் போகிறது, அல்லது வாரிசுகள் பெயர் மாற்றாமல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். முதலில் தண்ணீர் மீட்டர் காணாமல் போகும், அதில் பித்தளை இருக்கிறது. பிறகு கிரில், கேட், சுவருக்குள் இருக்கும் செம்புக் கம்பி. எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். கதவில்லாத வீட்டில் போதைப் பித்தர்கள் படுப்பார்கள். வரிசை முழுக்க ஒரே கூரையாக இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்திருப்பார். பின்கட்டில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு. அவரும் ஒரு நாள் வீட்டைக் காலி செய்வார். இப்போது இரண்டு. 160,000 வெள்ளி என்ற விலையே இந்தக் கதையிலிருந்து வந்ததா, அல்லது வீடு பழசு என்பதால் வந்ததா என்பதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து எண்ணுங்கள். லாலாங் மட்டும் போதாது. தபால் பெட்டியில் நனைந்து காய்ந்த கடிதங்கள், மீட்டர் இருந்த இடத்தில் வெறும் குழாய், கேட்டில் தெனாகா (மின்சார நிறுவனம்) ஒட்டிய நோட்டீஸ், இதையெல்லாம் பாருங்கள். குடியிருப்பவர்களே மீட்டருக்கு இரும்புக் கூண்டு அடித்திருந்தால் அங்கே ஏற்கெனவே திருடு போயிருக்கிறது என்று அர்த்தம். இருபது வீட்டில் ஒன்று இரண்டு பூட்டியிருந்தால் எந்த ஊரிலும் சகஜம். ஐந்து ஆறு என்றால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன்.

ஞாயிறு காலை 11 மணிக்கு எந்தத் தாமானும் அழகாகத்தான் இருக்கும். வேலை நாளில் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குப் போங்கள். ஏழு மணி ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ் வருகிற நேரம். முச்சந்தியில் ஒரு பெண் தனியாக, கைப்பையை முன்னால் இறுக்கிப் பிடிக்காமல், போன் பார்த்துக்கொண்டு நிற்கிறாளா? அப்படி நின்றால் அந்த இடத்தைப் பற்றி ஏஜென்டை விட அவளுக்குத் தெரியும். அப்பாவோ அண்ணனோ மோட்டாரில் கூடவே காத்திருந்தால் அதுவும் ஒரு பதில். பசார் மாலாம் (இரவுச் சந்தை) நடக்கும் நாளில் பத்து மணிக்கு மேல் மறுபடி போங்கள். தெருவிளக்கு எத்தனை எரிகிறது, எரியாத விளக்கு எவ்வளவு நாளாக எரியவில்லை என்று கேளுங்கள். ஒரு மாதமாக அணைந்த விளக்கைப் பற்றி யாரும் புகார் செய்யவில்லை என்றால் அந்த வரிசைக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். காஸ் தோங் (சிலிண்டர்) கொண்டுவரும் பையனையும் கேளுங்கள். எந்தத் தெருவில் மோட்டாரை அணைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போகிறான், எந்தத் தெருவில் சாவியோடு விட்டுவிட்டுப் போகிறான் என்று சொல்லுவான்.

செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கடைசி வரிசையை நான் தவிர்ப்பேன். இங்கே திருடர்கள் வருவது முன்வாசல் வழியாக இல்லை, பின்சந்து வழியாக, அடுப்படிக் கதவை நெம்பி. பின்னால் பரிட்டும் (வடிகால்) செம்பனைக் காடும் இருந்தால் மோட்டாரைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் விட்டுவிட்டு வந்து போவது சுலபம். அதே தாமானில் இரண்டு வரிசை முன்னால் வந்தால், பின்சந்துக்கு எதிரே இன்னொரு வீட்டின் அடுப்படி இருக்கும். அங்கே ஒரு பாட்டி பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். அதற்காகப் பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம்.

பட்டர்வொர்த் தம்பி காவலரைச் சொன்னார். தடுப்புக் கம்பம் இருப்பதால் மட்டும் நிம்மதி வந்துவிடாது. ஸ்ட்ராட்டா பட்டா (சாலை, வாயில் எல்லாம் வீட்டுக்காரர்களின் பொதுச்சொத்து) உள்ள இடமென்றால் 2013 ஆம் ஆண்டின் ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி (757) பராமரிப்புக் கட்டணம் எல்லோருக்கும் கட்டாயம். சாதாரணத் தனிப்பட்டா உள்ள தாமானில் குடியிருப்பாளர் சங்கம் வைத்த காவலர் என்றால் கட்டணம் விருப்பப்பட்டவர்கள் கொடுப்பதுதான், சாலையும் பொதுச் சாலை. பாதிப் பேர் நிறுத்திவிட்டால் மறுமாதம் காவலர் கூண்டு காலி. அந்த 380,000 வீடு இதில் எந்த வகை, இப்போது எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள்.

வாடகையிலேயே தவணை கழிந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒரு மாதம் ஆள் இல்லாமல் போகும், ஒரு மாத வாடகை ரிப்பேருக்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் வருவது 7,500, தவணை 8,448. அதற்கு மேல் கதவு வரி, நில வரி, தீக்காப்புறுதி. வெள்ளத்துக்கும் திருட்டுக்கும் அந்தக் காப்புறுதியில் தானாகப் பாதுகாப்பு வராது, கேட்டுச் சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி உங்கள் சம்பளத்திலிருந்து போகும் என்று தெரிந்தே வாங்குங்கள். அப்போதும் இரட்டை மாடியை விட இது இலேசுதான்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. வீட்டை வாங்கியதும் ஒரு புரோக்கர் வருவார். "கம்பெனி ஹாஸ்டலுக்குக் கொடு, 1,100 வெள்ளி, பேங்கில் நேராக விழும்" என்பார். மூன்று அறையில் பன்னிரண்டு தொழிலாளர்கள். அந்தப் பையன்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நம் தாத்தாக்களும் அப்படி லயத்தில் நெருக்கியடித்துக் கிடந்தவர்கள்தான். தொழிலாளர் தங்குமிடம் பற்றிய 446 சட்டப்படி முதலாளி தொழிலாளர் துறையிடம் தங்குமிடச் சான்றிதழ் வாங்க வேண்டும், ஆளுக்கு இவ்வளவு இடம் என்று அளவும் உண்டு. சான்றிதழ் இல்லாமல் திணித்தால் அவர்களுக்கும் கஷ்டம், ஒரே கழிப்பறை, ராத்திரி பகல் ஷிப்ட் மாறி மாறி நடமாட்டம். பக்கத்து வீட்டுக் குடும்பம் ஆறு மாதத்தில் போய்விடும். அவர்கள் போன வீடு காலி. மேலே சொன்ன கதை உங்கள் கதவிலிருந்தே தொடங்கிவிடும்.

நான் 700 வெள்ளிக்குக் குடும்பத்துக்குத்தான் விடுகிறேன். பிள்ளை பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தால் அந்த அம்மா ஐந்தாறு ஆண்டு வீட்டை மாற்ற மாட்டார். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது என் தாத்தா மாதம் 10 வெள்ளி கட்டிச் சேர்ந்தார். கூலிக்காரனுக்கும் நிலத்தில் ஒரு பங்கு வேண்டும் என்ற ஆசை. நம் ஆட்கள் இருக்கும் இடத்தில் நம் பையன் ஒருவன் வீடு வாங்கி, அதை ஒழுங்காக வைத்து, ஒழுங்கான குடும்பத்துக்கு விட்டால் அந்த வரிசைக்கே பலம். அதனால்தான் "வேண்டாம்" என்று நான் சட்டென்று சொல்லவில்லை.

கூலிம் டெக்னிஷன்:

அக்கா, மிகவும் நன்றி. இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை.

நேற்று விடியற்காலை போனேன். முன்வரிசை முச்சந்தியில் மூன்று அக்காமார் பேசிக்கொண்டு நின்றார்கள், கொஞ்சம் தள்ளி ஒரு பெண் தனியாகத்தான் நின்றாள். அங்கே பயம் தெரியவில்லை. ஆனால் நான் பார்த்த வீடு கடைசி வரிசை. 22 வீட்டில் ஏழு பூட்டிக் கிடக்கிறது. இரண்டு வீட்டில் மீட்டர் இல்லை.

இன்னொரு கேள்வி. அதே வரிசையில் ஒரு வீடு லெலோங்குக்கு (ஏலத்துக்கு) வந்திருக்கிறது. சென்ற முறை 140,000, இந்த முறை ஒதுக்கீட்டு விலை (ஏலம் தொடங்கும் குறைந்தபட்ச விலை) 126,000. உள்ளே ஆள் இருப்பது போல் தெரிகிறது, துணி காய்கிறது. 34,000 மிச்சமாகிறதே, அதில் கிரில், கேமரா எல்லாம் போட்டுவிடலாமா?

கூலிம் குமாஸ்தா:

வக்கீல் அலுவலகத்தில் சொத்துக் கோப்புகள் பார்க்கிறேன், அதனால் லெலோங் பற்றி மட்டும்.

ஏலத்துக்குப் போகும்போதே 10 விழுக்காடு பேங்க் டிராப்ட் கையில் இருக்க வேண்டும். உயர் நீதிமன்றமோ நில அலுவலகமோ நடத்தும் ஏலத்தில் மீதியை 120 நாளுக்குள் கட்டியாக வேண்டும், கால நீட்டிப்பு கிடையாது. கடன் தாமதமானால் முன்பணம் போய்விடும். அதனால் கடன் கிடைக்குமா என்று பேங்கில் கேட்காமல் கை தூக்கவே கூடாது.

வீடு இருக்கிறபடியேதான் விற்கப்படுகிறது. உள்ளே இருப்பவரை வெளியேற்றித் தரும் பொறுப்பு பேங்குக்கு இல்லை. நீங்களே பூட்டை மாற்றவும் முடியாது: உள்ளே இருப்பவர் வாடகைக்காரர் என்றால், ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவரை வெளியேற்ற 1950 ஆம் ஆண்டின் ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம் 7(2) பிரிவு நீதிமன்ற ஆணை கேட்கிறது. பேசிப் பார்த்து, லோரி வாடகைக்கு ஏதாவது கொடுத்து அனுப்புவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. தெனாகா, சாடா தண்ணீர், கதவு வரி பாக்கி எல்லாம் யார் தலையில் விழும் என்பது ஏல அறிவிப்பில் எழுதியிருக்கும். ஒவ்வொரு வரியாகப் படியுங்கள்.

எந்த வீடானாலும், முதல் வேலை கூலிம் நில அலுவலகத்தில் கெரானை (நிலப் பட்டாவை) தேடிப் பார்ப்பது. கெடாவில் மலாய் ரிசர்வ் நிலம் (மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கியது) நிறைய. அதில் உள்ள வீட்டை நாம் வாங்க முடியாது, ஏஜென்ட் என்ன சொன்னாலும் சரி. குறைந்த விலை வீடுகளில் மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கலாம். அதற்குக் காத்திருக்கும் மாதங்களையும் கணக்கில் வையுங்கள்.

தம்பிக்குச் சொந்தப் பெயரில் வீடு இல்லை என்பதால் இன்னொன்று. 500,000 வெள்ளி வரையிலான முதல் வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு உண்டு, கையெழுத்துப் போடும் தேதி சலுகைக் காலத்துக்குள் வருகிறதா என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 160,000 வீட்டில் அதனால் மிச்சமாவது பட்டா மாற்றத்துக்கு 2,200, கடன் பத்திரத்துக்கு 720. பிறகு கல்யாணம் ஆகி 380,000 வீடு வாங்கும்போது அதே விலக்கு 8,310 வெள்ளி பெறும், ஆனால் அப்போது நீங்கள் முதல் வீடு வாங்குபவர் இல்லை. இரண்டு மூன்று ஆண்டில் சொந்தக் குடித்தனம் என்ற எண்ணம் இருந்தால் இதை அம்மா அப்பாவோடு பேசுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால்: முதல் மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி, நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15. ஆறாம் ஆண்டிலிருந்து குடிமக்களுக்கு இல்லை.

மலர் அக்கா (பாடாங் செராய்):

குமாஸ்தா தம்பி சொன்னதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். அந்த லெலோங் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள குடும்பம். அவர்களை வெளியே அனுப்பி, ஏழு பூட்டிய வீட்டுக்கு நடுவில் நீங்கள் கேமரா மாட்டி, யாரைக் குடிவைப்பீர்கள்? நல்ல குடும்பம் அந்த வரிசையைப் பார்த்ததும் திரும்பிவிடும். வருவது ஹாஸ்டல் புரோக்கர் மட்டும்தான். அந்த வரிசையை விட்டுவிடுங்கள்.

நீங்கள் நின்றுகொண்டிருந்த முச்சந்தியிலிருந்து இரண்டாவது வரிசையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மகளோடு ஜொகூருக்குப் போகிறார். 172,000 கேட்கிறார், இன்னும் ஏஜென்டிடம் கொடுக்கவில்லை. அந்த வரிசையில் பூட்டிய வீடு ஒன்றே ஒன்று. அதுவும் பினாங்கில் வேலை செய்கிறவர் வீடு, வார இறுதியில் வந்து புல் வெட்டுவார். பின்சந்தில் எங்கள் ரோந்துக்காரர் ஒருவரின் வீடும் இருக்கிறது.

சனிக்கிழமை ராத்திரி பத்தரைக்கு எங்கள் ரோந்து தொடங்குகிறது. அம்மாவையும் காரில் அழைத்து வாருங்கள். பக்கத்து ஒட்டுக்கடையில் நம் பெண்கள் இருப்பார்கள், அவர்களோடு அவர் உட்காரட்டும், கேட்க வேண்டியதைக் கேட்கட்டும். நீங்கள் எங்களோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள். அதற்கு முன் யாரிடமும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கூலிம் டெக்னிஷன்:

அம்மாவிடம் சொன்னேன். "அந்த ஆசிரியர் எந்தப் பள்ளியில் இருந்தவர்?" என்று கேட்டார், அவ்வளவுதான். சனிக்கிழமை வருகிறோம் அக்கா. நில அலுவலகத்துக்குப் போக அந்த வீட்டின் லாட் எண் தேவைப்படும். ஆசிரியர் சம்மதித்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.